தாயின் குருதியமுக்கமும் சேயின் குடலும் : ஒரு மறுப்பு

"தாய்க்குப் பிறசர், அதாலை பிள்ளையின்ரை குடல் பழுதாய்ப் போச்சுது." குறைமாதத்திற் பிறந்த குழந்தையொன்று சில வாரங்கள் உயிரோடிருந்து இறந்துபோன வீட்டிலே, அயலவர் துக்கம் விசாரித்து முடியுமுன்னரே நிலைபெற்றுவிடும் வாசகம் இது. சுருக்கமானது; வைத்தியரின் வாயினின்று வந்தது போன்ற தோற்றமுடையது; காரணமும் காரியமும் ஒரே மூச்சிற் சொல்லப்படுவதால் மறுகேள்விக்கு இடம் வைக்காதது. இதன் பின்னே வேறு சில வாசகங்களும் வந்து சேரும். அவள் உப்பைக் குறைத்திருக்கலாம், கோபத்தை அடக்கியிருக்கலாம், கட்டிலை விட்டு இறங்காதிருந்திருக்கலாம். குழந்தையின் மரணச் சான்றிதழில் இடம்பெறாத ஒரு குற்றவாளி ஊரின் தீர்ப்பிலே இவ்வாறு இடம்பெற்றுவிடுகின்றாள்.

இத்தீர்ப்பு இரக்கமற்றது என்று கூறுவோர் உளர். அது உண்மையே எனினும் போதாது. "பாவம், அவள் வேண்டுமென்றா செய்தாள்?" என்னும் ஆறுதல், குற்றச்சாட்டை முழுமையாக ஏற்றுக்கொண்ட பின்னர் வழங்கப்படும் மன்னிப்பாகும். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெறுதலும் ஒருவகைத் தண்டனையே. ஆதலால் இவ்விடயத்தை இரக்கத்தின் தளத்தில் அன்றி உண்மையின் தளத்தில் நோக்குதல் வேண்டும். கலைப்பீடத்தாருக்கு வைத்திய விடயத்தில் என்ன வேலை என்று வினவுவோருக்கு ஒன்று கூறலாம். நோயைத் தீர்ப்பது வைத்தியபீடத்தின் பணி. நோயைப் பற்றி ஒரு சமூகம் கட்டும் கதையைப் பரிசீலிப்பது எவருடைய பணி?

முதலில் நோய் எதுவென்பதைத் தெளிதல் அவசியமாகும். 32 வாரங்களுக்கு முன்னர், அல்லது 1500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளைப் பெரும்பாலும் பீடிக்கும் இக்குடல்நோய், 'நெக்றோரைசிங் என்ரறோகொலைற்றிஸ்' என்ற நீண்ட பெயரால் வைத்திய நூல்களிற் குறிக்கப்படும். குடலின் இழையங்கள் அழன்று இறந்துபோதல் என்பதே அதன் பொருளாதலின், இங்கு அதனைக் குடலழிவு நோய் எனக் குறிப்பிடலாம். 1965 இல் நியூயோர்க் நகரக் குழந்தைகள் வைத்தியசாலையொன்றைச் சேர்ந்தோர் அதனை விரிவாக விவரித்தனர். 1978 இல் பெல் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் அதனை மூன்று படிகளாக வகுத்தனர். இந்நோயின் கொடுமை அது வரும் வேளையிலே உள்ளது. மூச்சுத் திணறலைக் கடந்து, எடை சிறிது ஏறி, "இனிப் பயமில்லை" என்று தாதி சொல்லத் தொடங்கும் இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே பெரும்பாலும் அது தலைகாட்டும். ஒருநாள் வயிறு ஊதும். ஊட்டிய பால் இரைப்பையிலே தங்கும். வாந்தி பச்சையாக வரும். மலத்திலே குருதி காணப்படும். எக்ஸ்றே படத்திலே குடற்சுவரினுள் வாயுக்குமிழிகள் தெரியும். குடல் துளைபட்டால் சத்திரசிகிச்சையன்றி வேறு வழியில்லை. வட அமெரிக்கத் தரவுகளின்படி, 500 முதல் 1500 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 100 க்கு 7 பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆளானோரில் 100 க்கு 20 முதல் 30 வரையானோர் இறக்கின்றனர். பிழைத்தோருள்ளும் குடலின் பெரும்பகுதியை இழந்து வாழ்வோர் உளர்.

இதற்கும் தாயின் குருதியமுக்கத்துக்கும் தொடர்பு எங்ஙனம் கற்பிக்கப்படுகின்றது? கருப்பத்தின் 20 ஆம் வாரத்துக்குப் பின்னர் தாயின் குருதியமுக்கம் 140/90 என்ற அளவை எட்டி, சிறுநீரிலே புரதம் கழிதல் முதலிய குறிகளும் சேருமாயின் அது 'பிரி எக்கிளாம்சியா' எனப்படும். கடுமையாயின் வலிப்பு வரும். தாயின் உயிருக்கே ஆபத்தாகும். இலங்கையில் தாய்மார் மரணத்துக்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாக இது இருந்து வந்துள்ளது. பிரசவமே இதற்கு முடிவான பரிகாரமாதலால், 28 ஆம் வாரத்திலோ 30 ஆம் வாரத்திலோ குழந்தையை வெளியே எடுத்துவிட வைத்தியர் தீர்மானிக்க நேர்கிறது. அக்குழந்தை பெரும்பாலும் வாரத்துக்குரிய வளர்ச்சியுமற்றதாய் இருக்கும். கருப்பையிலே குருதி குறைவாகக் கிடைத்தபோது சிசுவின் உடல் தன் மூளைக்கும் இருதயத்துக்கும் முன்னுரிமை கொடுத்துக் குடலுக்குச் செல்லும் குருதியைச் சுருக்கிக்கொள்ளும். வறுமைப்பட்ட குடும்பத்திலே உழைக்கும் மகனுக்குச் சோறும் ஏனையோருக்குக் கஞ்சியும் கிடைப்பது போன்ற ஏற்பாடு இது. இவ்வாறு பட்டினி கிடந்த குடலே பின்னர் அழிவுக்கு ஆளாகின்றது என்பது வாதம்.

இவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் நேர்மையாகாது. டொப்ளர் ஸ்கான் மூலம் தொப்புள்நாணின் நாடியிற் குருதியோட்டம் அளக்கப்படும்போது, இருதயத் துடிப்புகளுக்கிடையே அவ்வோட்டம் அற்றுப்போதலோ எதிர்த்திசையிற் பாய்தலோ காணப்பட்ட சிசுக்களிடத்தில், பிறந்த பின்னர் குடலழிவு நோய் ஏறக்குறைய இரு மடங்கு நிகழ்தகவுடன் தோன்றுவதாக 2005 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு எடுத்துக்காட்டிற்று. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே அளக்கப்பட்டது எது? தாயின் கையிலே பட்டி கட்டி அளந்த அமுக்கமன்று. சிசுவின் நாணிலே பாய்ந்த குருதி. உயர் குருதியமுக்கமுள்ள தாய்மார் பலரின் சிசுக்களுக்கு நாண் ஓட்டம் செவ்வனே இருக்கும். குருதியமுக்கம் சாதாரணமாயுள்ள தாய்மார் சிலரின் சிசுக்களுக்கு அது குன்றியிருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலேயே முதலாவது பிழை தொடங்குகின்றது.

ஆய்வுகள் இதனைத் தெளிவாக்க வேண்டியவை. ஆனால் தாயின் குருதியமுக்கத்தை நேரடியாகக் குடலழிவு நோயுடன் பொருத்திப் பார்த்த ஆய்வுகள் தம்முள் முரண்படுகின்றன. சில, ஆபத்து அதிகம் என்கின்றன. சில, வேறுபாடில்லை என்கின்றன. குறைவு என்ற முடிவுக்கு வந்தனவும் உள. இம்முரண்பாட்டின் தோற்றுவாய் கணக்கில் அன்று, கேள்வியிலேயே உள்ளது. பரீட்சை மண்டபத்துக்குப் பிந்தி வந்த மாணவரை மாத்திரம் ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். ஒரு சாரார் பஸ் பழுதானமையாற் பிந்தினர்; மறு சாரார் காய்ச்சலாற் பிந்தினர். பஸ் பழுதானோர் சற்று நன்றாக எழுதியிருப்பர். இதிலிருந்து, பஸ் பழுதாதல் பரீட்சைக்கு நன்மை பயக்கும் என்று முடிவு கட்டுவோரை எவரும் அறிஞரென மதியார். குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஒப்பீடும் இத்தகையதே. 28 ஆம் வாரத்திற் பிறந்த எந்தக் குழந்தையும் காரணமின்றி அவ்வாரத்திற் பிறந்ததன்று. ஒன்றைத் தாயின் குருதியமுக்கம் முன்தள்ளியது. மற்றொன்றைக் கருப்பையிலே புகுந்த கிருமித்தொற்று முன்தள்ளியது. வேறொன்றை நீர்க்குடம் உடைந்தமை முன்தள்ளியது. 'ஏனைய குறைமாதக் குழந்தைகள்' என்று ஒப்பீட்டுக்காக நிறுத்தப்படுவோர் சுகதேகிகள் அல்லர். வேறொரு நோயின் பிள்ளைகள். அந்த வேறு நோய் எதுவோ அதற்கேற்ப, தாயின் குருதியமுக்கம் ஒருகால் குற்றவாளியாகவும் ஒருகால் காவலாளியாகவும் தோன்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குருதியமுக்கத்துக்காகப் பிரசவத்தை முன்தள்ளத் தீர்மானிக்கும் வைத்தியருக்குச் சில மணித்தியாலங்களோ இரண்டொரு நாட்களோ அவகாசம் இருக்கும். அவ்வேளையில், 1972 இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகியோர் பயனை நிறுவிய ஸ்ரெரொயிட் ஊசியைத் தாய்க்கு ஏற்ற முடிகின்றது. சிசுவின் சுவாசப்பையை முதிர்விக்கும் அவ்வூசி குடலழிவு நோயையும் குறைப்பதாகப் பின்னர் அறியப்பட்டது. திடீரென நோவெடுத்துப் பாதிவழியிற் பிரசவித்தவளின் பிள்ளைக்கு அந்த வாய்ப்பில்லை. இவை யாவும் பின்னிக் கிடக்கும் நூலிலிருந்து ஓர் இழையை உருவி, "தாயின் பிறசரே காரணம்" என்பது எவ்வளவு துணிச்சலான கூற்று! ஆய்வாளர் பல பக்கங்களிலே தயங்கித் தயங்கிச் சொல்வதை ஊர் ஒரு வரியிலே தயக்கமின்றிச் சொல்லிவிடுகின்றது.

இனி, அக்குருதியமுக்கம் உண்மையில் யாருடையது என்று வினவுதல் பொருத்தமானது. வினா விசித்திரமாகத் தோன்றலாம். பட்டி கட்டப்படுவது தாயின் கையிலேதான். ஏறுவது அவளது அமுக்கந்தான். எனினும் பிரி எக்கிளாம்சியாவின் ஊற்று சூல்வித்தகத்திலே உள்ளது என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஊரிலே நஞ்சுக்கொடி என வழங்கும் அவ்வுறுப்பு தாயின் உறுப்பன்று. கருக்கட்டிய முட்டையினின்று சிசுவுடன் உடன்பிறந்தது அது. அதன் கலங்கள் கருப்பைச் சுவரினுட் புகுந்து, அங்குள்ள சுருளி நாடிகளை அகலமான குழாய்களாக மாற்றியமைக்க வேண்டும். அவ்வேலை அரைகுறையாக முடியும்போது குருதி போதாத சூல்வித்தகம் சில புரதங்களைத் தாயின் குருதியிலே மிகையாகக் கலக்கவிடுகின்றது. 2003 இல் பொஸ்ரன் நகரில் அனந்த் கருமாஞ்சி முதலியோர் அத்தகைய புரதமொன்றை இனங்கண்டு, அது தாயின் குருதிக்கலன்களைத் தாக்கும் விதத்தைக் காட்டினர். ஆகவே கையிலே ஏறுகின்ற அமுக்கம் வேறிடத்தில் நிகழ்ந்த ஒரு பழுதின் அறிகுறி.

அச்சூல்வித்தகத்தின் பரம்பரையலகுகளிற் பாதி தந்தையுடையவை. இதனை விளக்க ஒரு சான்றே போதுமானது. கருவே இல்லாமல் சூல்வித்தகம் மாத்திரம் திராட்சைக் கொத்துப் போன்று வளரும் ஒரு நிலை உண்டு, 'மோல்' என்பர். முழுமையான மோலிலே தாயின் நிறமூர்த்தங்கள் இல்லை. அனைத்தும் தந்தையின் விந்திலிருந்து வந்தவை என 1977 இல் யப்பானிய ஆய்வாளர் நிறுவினர். அந்நிலையிலும் பிரி எக்கிளாம்சியா தோன்றுகின்றது; 20 ஆம் வாரத்துக்கு முன்னரே கூடத் தோன்றுகின்றது. 2001 இல் அமெரிக்காவின் யூற்றா மாநிலப் பதிவேடுகளை ஆராய்ந்தோர் வேறொன்றையும் கண்டனர். பிரி எக்கிளாம்சியாவுற்ற தாயின் வயிற்றிற் பிறந்த ஆண், தான் தந்தையாகும்போது, தன் மனைவிக்கு அந்நோய் வரும் வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றான். ஆனால் எந்தச் செத்த வீட்டிலாவது "தகப்பன்ரை கொடி சரியில்லை" என்ற பேச்சு எழுந்ததுண்டா? மருமகளின் பிறசரைப் பற்றிப் பேசும் மாமியார், தன் மகனைக் கருவுற்றிருந்தபோது தன் கால்கள் வீங்கியிருந்தமையை நினைவுகூர்வதுண்டா? பழியை மாமியாரின் தலையிலோ தந்தையின் தலையிலோ மாற்றி வைப்பது இவ்வினாக்களின் நோக்கமன்று. பழி எப்பக்கம் சாய்கின்றது என்பதைத் தீர்மானிப்பது உயிரியல் அன்று, குடும்பத்திலே பெண்ணுக்குள்ள இடமே என்பதைக் காட்டுவதே நோக்கம்.

உப்பின் கதையும் கட்டிலின் கதையும் இவ்விடத்திலேயே தீர்க்கத்தக்கவை. பிரி எக்கிளாம்சியாவைத் தடுப்பதற்காகக் கருப்பவதியின் உப்பைக் குறைத்தலையோ அவளை வீட்டிற் படுக்க வைத்தலையோ தான் விதந்துரைக்கவில்லை என 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகக் கூறுகின்றது. பயன் தருபவை வேறு. ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு ஆரம்பத்திலேயே சிறிதளவு அஸ்பிரின்; உணவிற் கல்சியம் குறைந்த சமூகங்களில் கல்சியம். ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு 150 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுத்து நடத்தப்பட்டு 2017 இல் வெளியான பரிசோதனையில், 37 வாரங்களுக்கு முன்னர் பிரசவத்தை வேண்டிநின்ற பிரி எக்கிளாம்சியா 60 வீதத்துக்கு மேலாகக் குறைந்தது. அம்மாத்திரையைக் கொடுக்கத்தக்கவளை 16 ஆம் வாரத்துக்கு முன்னர் கண்டுபிடிக்க வேண்டியது யார்? கிளினிக்கும் குடும்பநல மாதுவும், அவர்களை அனுப்பும் அரசும். உப்பைக் குறைக்கத் தவறியவள் என்று தாயைச் சுட்டும் விரல், இத்திசையிலே திரும்புவதில்லை.

பழி சொல்லும் கதைக்கு வைத்திய உலகிலும் ஒரு தம்பி உண்டு. குருதியோட்டம் குன்றிய குடல் பலவீனமானது; எனவே அதற்கு வேலை கொடுத்தல் ஆகாது; பலநாள் பட்டினி போட்டு, நாளத்தினூடாக மாத்திரம் போசணை ஏற்றுதலே பாதுகாப்பு என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவிற்று. நல்லெண்ணத்தில் விளைந்த இவ்வழக்கம் சோதிக்கப்படாத ஊகத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 54 வைத்தியசாலைகளில், இத்தகைய வளர்ச்சி குன்றிய, நாண் ஓட்டம் பழுதுபட்ட 404 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரண்டாம் நாளிலும் மறு பிரிவினருக்கு ஆறாம் நாளிலும் பாலூட்டத் தொடங்கினர். 2012 இல் வெளியான முடிவின்படி, முந்தித் தொடங்கியோர் 18 நாளிலும் பிந்தித் தொடங்கியோர் 21 நாளிலும் முழுமையான பாலூட்டலை எட்டினர். கடுமையான குடலழிவு நோய் இரு பிரிவிலும் 8 வீதமே. பட்டினி எவரையும் காப்பாற்றவில்லை.

ஆயின் காப்பாற்றுவது எது? இவ்வினாவுக்கே இவ்விடயத்திற் பெறுமதி அதிகம். இங்குதான் தாயின் பெயர் முதன்முறையாகச் சரியான காரணத்துக்காக உச்சரிக்கப்படுகின்றது. 1990 இல் இங்கிலாந்தின் லூக்கஸ், கோல் ஆகியோர் 926 குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். தாய்ப்பால் மாத்திரம் பெற்றோரைக் காட்டிலும், பால்மா மாத்திரம் பெற்றோரிடையே குடலழிவு நோய் 6 முதல் 10 மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. தாய்ப்பாலும் பால்மாவும் கலந்து பெற்றோருடன் ஒப்பிடினும் அது மூன்று மடங்காகும். ஊட்டலைத் தாமதித்தமையால் பால்மாக் குழந்தைகளுக்கே ஓரளவு பயன் தெரிந்தது. தாய்ப்பாற் குழந்தைகளுக்குத் தெரியவில்லை. அதாவது, பட்டினி போடும் வழக்கத்தின் பயன் என்று எண்ணப்பட்டதிலே ஒரு பகுதி, பால்மாவைத் தள்ளிப்போட்டதன் பயனே. தாயின் பால் கிடையாதவிடத்து வேறொரு தாய் தானமாக வழங்கிய பால், பால்மாவோடு ஒப்பிடுகையில், இந்நோயை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைக்கின்றது எனப் பிற்காலப் பரிசோதனைகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. 1909 இல் வியன்னாவிலே தாய்ப்பால் வங்கி தோன்றிவிட்டது. ஆசியாவிலே 1989 இல் பம்பாயின் சயன் வைத்தியசாலையில் வைத்திய கலாநிதி ஆர்மிடா பெர்னாண்டஸ் அதனைத் தொடக்கினார். பிறேசில் அதனை நாடு முழுவதற்கும் உரிய பொதுச் சேவையாகவே வளர்த்தெடுத்துள்ளது.

பால்மா வணிகத்தின் வரலாறு இங்கு விரிப்பிற் பெருகும். 1939 இல் சிங்கப்பூரிலே வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் அதனைக் கொலைக்கு ஒப்பிட்டு உரையாற்றினார். 1981 இல் உலக சுகாதார நிறுவனம் சந்தைப்படுத்தற் கோவையை ஏற்றுக்கொண்டபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. அதே அமெரிக்காவில் 2024 இல், குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட பால்மா குடலழிவு நோய்க்கு இட்டுச் சென்றதாகத் தொடுக்கப்பட்ட இரு வழக்குகளில், முறையே 60 மில்லியன், 495 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்குமாறு யூரிமார் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டிலேயே அந்நாட்டின் சுகாதார நிறுவனங்கள், ஆபத்துடன் தொடர்புடையது பால்மாவைக் கொடுத்தமை என்பதைவிடத் தாய்ப்பால் கிடையாமையே எனக் கூட்டாக அறிக்கை விடுத்தன. கம்பனிகளுக்கு இது சற்று ஆறுதலாயிருந்திருக்கும். ஆனால் கிடையாமை என்பது மழை பெய்யாமை போன்ற இயற்கை நிகழ்ச்சியா?

கடும் பிரி எக்கிளாம்சியாவுற்ற தாயின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். வயிறு கீறப்பட்டுள்ளது. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேற்று நாளத்தினூடாக 24 மணித்தியாலம் ஏறிக்கொண்டிருக்கின்றது. உடம்பு தீப்போல் எரியும்; கண் சொருகும். குழந்தையோ வேறொரு மாடியில், வேறொரு பிரிவில், கண்ணாடிப் பெட்டியினுள் உள்ளது. முதற்சில மணித்தியாலங்களிற் கையாற் பிதுக்கியெடுக்கத்தக்க சீம்பால் சில துளிகளே. அத்துளிகளே அக்குடலுக்கு மருந்து. அவற்றை எடுக்க அவளுக்கு எவராவது கற்பித்தல் வேண்டும். நாளுக்கு எட்டுத்தரமாவது எடுத்தல் வேண்டும். எடுத்ததை ஒருவர் மேல்மாடிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். எழுந்து நிற்கவியலாத ஒருத்தி இவற்றுள் எதனைத் தனியே செய்வாள்? மூன்றாம் நாள் சக்கர நாற்காலியிற் சென்று கண்ணாடியினூடாகப் பிள்ளையைப் பார்க்கும்போது, அதன் மூக்கிலிட்ட குழாயிலே ஏற்கெனவே வேறு பால் இறங்கிக்கொண்டிருக்கும். மார்பு கட்டி, பின்னர் வற்றிப்போகும். "அவவுக்குப் பால் இல்லை" என்று பதிவேட்டிலும் ஊரிலும் எழுதப்படும். குருதியமுக்கத்துக்கு அடுத்ததாக அவள்மேற் சுமத்தப்படும் இரண்டாவது குறை அது.

தாயின் அறையையும் சேயின் அறையையும் பிரிக்கும் சுவர் விஞ்ஞானத்தின் கட்டளையன்று. 1978 இல் கொலம்பியாவின் பொகோற்றா நகரில் கண்ணாடிப் பெட்டிகள் போதாதபோது, வைத்தியர் எட்கார் றேய் சனாப்றியா குறைமாதக் குழந்தைகளைத் தாய்மாரின் மார்போடு கட்டி வைத்தார். அதனை ஏழை நாடுகளுக்கான மாற்றுவழி என்றே பலர் கருதினர். 2021 இல் வெளியான பரிசோதனையொன்று அவ்வெண்ணத்தை உடைத்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளிலே, ஒரு கிலோகிராம் முதல் 1.8 கிலோகிராமுக்கு உட்பட்ட எடையுடைய 3211 குழந்தைகள் அதிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினர் பிறந்தவுடனேயே, நோய் தெளியுமுன்னரே, தாயின் மார்பில் வைக்கப்பட்டனர். அதற்காகத் தாயின் கட்டிலும் சேயின் சிகிச்சையும் ஒரே அறையில் அமைந்த புதிய பிரிவு உருவாக்கப்பட்டது. 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 15.7 வீதத்திலிருந்து 12 வீதமாகக் குறைந்தது. புதிய மருந்தொன்று இதனைச் சாதித்திருப்பின் அதன் பெயர் உலகெங்கும் அறியப்பட்டிருக்கும். சாதித்தது ஒரு கட்டில்.

இலங்கையின் தாய்சேய் நலச் சேவை பெருமைக்குரிய வரலாறுடையது. 1926 இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவும், வீடு வீடாகச் சென்ற குடும்பநல மாதுகளும், 1983 இல் இயற்றப்பட்ட தாய்ப்பால் பாதுகாப்புக் கோவையும் பல செல்வந்த நாடுகள் கூடச் செய்யாதவற்றைச் செய்தன. அப்பெருமையைச் சுட்டிக்காட்டி வாய்மூடச் செய்வோர் உளர். ஆனால் அச்சேவை முதிர்ந்த குழந்தையின் தாயை மனத்திற் கொண்டே வளர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் மகப்பேற்று விடுமுறை 12 வாரம். 28 ஆம் வாரத்திற் பிறந்த குழந்தை தனது 40 ஆம் வாரத்தை எட்டும்போது, அதாவது அது பிறந்திருக்க வேண்டிய நாளிலே, அவ்விடுமுறை தீர்ந்துவிடும். லயத்திலே மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, நகரத்து வைத்தியசாலைக்கு ஒவ்வொரு நாளும் பால் கொண்டு வா என்று அவளுக்குச் சொல்வது எளிது.

சொல்வதிலும் ஒரு சங்கடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயிற் சமுவேல் கிறீன் மேலைத்தேய மகப்பேற்று வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார்; அதற்கான நூலும் தமிழில் அச்சேறியது. பிரசவ அறையிலே நடப்பதைத் தமிழிற் சொல்ல முடியாது என்ற சாக்கு அன்றே செல்லாக்காசாயிற்று. இன்று அதே மொழியைப் பேசும் தாய்க்குத் தன் நோயைப் பற்றி வழங்கப்படுவதோ பெரும்பாலும் 'பிறசர்' என்ற ஒரேயொரு சொல். தமிழ் தெரியாத தாதியும் சிங்களம் தெரியாத தாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கும் விடுதிகளில் அச்சொல்லும் சைகையாகக் குறைந்துவிடும். விளக்கம் கிடையாத இடத்திலே கதை வந்து குடியேறுகின்றது. வைத்தியர் குறிப்பில் 'தாய்சார் ஆபத்துக் காரணி' என எழுதப்படுவது, எண்களின் தொடர்பை மாத்திரம் சுட்டும் சொல்லென்றும் அதிற் பழியில்லை என்றும் வைத்தியபீடத்தார் கூறக்கூடும். அது அவர்களிடையே உண்மை. விடுதியின் வாசலைத் தாண்டியதும் 'தாய்சார்' என்பது 'தாயால்' என்றாகின்றது. 'ஆபத்து' என்பது உதிர்ந்து 'காரணம்' மாத்திரம் எஞ்சுகின்றது.

தமிழ் விழாக்களிலே தாய்மை போற்றப்படாத மேடையில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்குக் கவியரங்குகளில் வழங்கப்படும் புகழுக்கும் அளவில்லை. ஏழு மாதத்திலே பிள்ளையை இழந்தவள் அப்பாடல்களில் எந்த வரியில் நிற்பாள்? இரத்தத்தைப் பாலாக்கித் தருபவள் என்று ஏத்தும் கவிஞர், அவ்விரத்தம் அமுக்கம் மிகுந்து, அப்பால் குழாயிலே ஏறாமற்போகும்போது மௌனமாகின்றனர். தாய்மையை வியத்தலுக்கும் தாயைப் பழித்தலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. இரண்டும் எல்லாவற்றையும் ஒருத்தியின் உடம்பின்மேலேயே ஏற்றுகின்றன.

ஆகவே கோரப்பட வேண்டியவை கருணையுரைகளல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலே கண்ணாடிப் பெட்டிக்கு அருகே தாய்க்கொரு கட்டில். கட்டிலுக்கு இடமில்லையேல் சாய்கதிரை. தானப்பால் வங்கிகள். பிள்ளை வைத்தியசாலையிலிருக்கும் வாரங்களைக் கணக்கிற் சேர்க்காத விடுமுறை. கூலியாளுக்கு அந்நாட்களின் கூலி. முதல் ஆறு மணித்தியாலத்துள் பால் எடுக்கக் கற்பிப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட, தாயின் மொழி பேசும் ஒருவர். இக்கோரிக்கைகளை வைத்தியபீடத்தின் தலையிலே மாத்திரம் கட்டிவிடுதல் தகாது. விடுதிகளில் வழங்கத்தக்க துண்டுப் பிரசுரமொன்றைத் தமிழில் எழுதுதல் தமிழ்ச் சங்கமொன்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று; மகாநாட்டு மலருக்குச் செலவாகும் கடதாசியில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும்.

அப்பிரசுரத்தின் முதற் பக்கத்திலே, குழந்தையை இழந்த தாய்க்கும் இன்னமும் இழக்காத தாய்க்கும் பொருந்துமாறு இவ்வளவு எழுதினாற் போதுமானது: "உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவிலிருந்த கொடி சரியாக ஊன்றவில்லை. அதனால் உங்களுக்கு அமுக்கம் ஏறியது. அதனாலேயே பிள்ளைக்கும் இரத்தம் குறைந்தது. நீங்கள் சாப்பிட்டதாலோ கோபப்பட்டதாலோ வேலை செய்ததாலோ அது வரவில்லை. பிள்ளையின் குடல் நோய் பல காரணங்கள் கூடி வருவது. உங்களிடம் சில துளி பால் வந்தாலும் தாதியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்களுடைய வேலை."